முடியாத பூசை – 9: இரவல் கை

8 குல்டன் 56 குரோய்ட்சர். சவ வண்டிக்குத் தனியாக 3 குல்டன். மோட்சார்ட்டை அடக்கம் செய்ய ஆன செலவு அவ்வளவுதான்.

1791 டிசம்பர் 5, பின்னிரவு ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரவுஹென்ஷ்டைன் சந்து வீட்டில் அவர் உயிர் பிரிந்தது என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். வயது 35. 'அநாதைப் பிணம்போலப் புதைத்தார்கள்' என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது மூன்றாம் வகுப்பு அடக்கம். இரண்டாம் யோசேப்பு சக்கரவர்த்தி போட்ட சிக்கன விதிகளுக்குப் பிறகு வியன்னாவின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுதான் கதி. சலியேரி விஷம் வைத்தார் என்பது இன்னொரு கதை. அதைப் புஷ்கின் நாடகமாக்கினார். 1984ல் வந்த 'அமடேயஸ்' படம் ஊரெங்கும் பரப்பியது. சாவுப் பதிவேட்டில் இருப்பது, உடம்பெல்லாம் வேர்க்குருபோலத் தடிப்பு கிளம்பும் கடுங்காய்ச்சல் என்றுதான். சலியேரியை இத்தோடு விட்டுவிடுவோம். இந்தத் தொடரில் அவருக்கு வேலையில்லை.

நமக்கு வேலை இருப்பது மேசை மேல் கிடந்த தாள்களிடம்.

மனைவி கான்ஸ்டன்ஸுக்கு அப்போது 29 வயது. பெற்ற ஆறில் தங்கியது இரண்டு. மூத்தவன் கார்லுக்கு ஏழு வயது. இளையவன் பிறந்து நாலு மாதம் சொச்சம். மோட்சார்ட் அரண்மனையில் 800 குல்டன் சம்பளத்துக்கு இசை எழுதியவர்தான். ஆனால் அந்த வேலையில் சேர்ந்து நாலே வருஷம். பத்து வருஷம் ஆகியிருந்தால்தான் விதவைக்கு உதவித்தொகை. டிசம்பர் 11ஆம் தேதி, கணவர் இறந்து ஆறாவது நாள், அவள் சக்கரவர்த்திக்கு மனுப் போட்டாள். அடுத்த ஆண்டு கருணையின் பேரில் கிடைத்தது வருஷத்துக்கு 266 குல்டன் 40 குரோய்ட்சர். 800ல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதிகாரிகள் எந்த ஊரிலும் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

மனு பலிக்குமா என்று தெரியாத அந்த டிசம்பரில் அவள் கையில் இருந்த ஒரே சொத்து கணவர் எழுதிய தாள்கள். அதிலும் உடனே காசாகக்கூடியது ஒன்றுதான். அதுதான் கோடைக்காலத்தில், பெயர் சொல்லாத ஓர் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போன மரித்தோர் திருப்பலி இசை, ரெக்வியம். பேசிய தொகையில் ஒரு பகுதி முன்பணமாக வந்து செலவும் ஆகிவிட்டது. இசை முடிந்து கைக்குப் போனால் மீதி வரும். முடியவில்லை என்று சொன்னால் வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும்.

முடியவில்லை என்பதுதான் உண்மை.

எவ்வளவு முடிந்திருந்தது? தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அகலவாட்டில் நீண்ட தாள், பக்கத்துக்கு 12 ஐங்கோடுகள். ஆரம்பப் பாடலான இன்ட்ரோயிட் மட்டும் முழுசு. பாடகர்கள், வயலின், பாஸெட் ஹார்ன், ட்ராம்போன், பேரிகை எல்லாம் அவர் கையாலேயே. அடுத்த கீரியே முக்கால்வாசி. அதற்குப் பிறகு வரும் தீர்ப்பு நாள் பாடல்களிலும் காணிக்கைப் பாடல்களிலும் வேறு மாதிரி. நாலு குரல்களும் சொல்லோடு முழுதாக இருக்கின்றன. அடியில் பாஸ் கோடு, அதன்மேல் சுருதிச் சேர்க்கையைக் குறிக்கும் எண்கள். வாத்தியங்கள் முக்கியமாகத் தலை தூக்கும் இடங்களில் மட்டும் முதல் வயலினோ ட்ராம்போனோ சில ஸ்வரங்கள். நடுவில் ஏழெட்டு ஐங்கோடுகள் வெறுமை.

இதைக் 'குறை வேலை' என்று நினைத்துவிடக் கூடாது. மோட்சார்ட் எப்போதும் அப்படித்தான் எழுதுவார். புள்ளி வைத்து வெளிக்கோடு இழுத்து முடித்துவிட்டால் கோலத்தின் உரு வந்துவிடுகிறது. உள்ளே இழைக்கும் வேலை சாவகாசமாக நடக்கலாம். அந்தச் சாவகாசம்தான் இந்த முறை அவருக்குக் கிடைக்கவில்லை.

லாக்ரிமோசா என்ற பாடலில் கோலமே பாதியில் நிற்கிறது. 'பார்' என்று நம் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் சொல்வார்களே, அந்தக் கணக்கில் எட்டு பார். முதல் இரண்டில் வயலின்கள் மட்டும், விசும்பி விசும்பி அடங்குவதுபோல. மூன்றாவதில் குரல்கள் நுழைகின்றன. ஐந்தாவதிலிருந்து மேல்ஸ்தாயிப் பெண்குரல் ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்குகிறது. ஏறும் இடத்தின் சொற்களுக்குப் பொருள், சாம்பலிலிருந்து பாவியான மனிதன் தீர்ப்புக்கு எழுந்து வருவான் என்பது. சொல்லும் எழுகிறது, குரலும் எழுகிறது. பிறகு முழு ஸ்வரங்களை விட்டுவிட்டு அரை அரையாக ஊர்ந்து ஏறுகிறது. எட்டாவது பாரில் உச்சியைத் தொடுகிறது. அத்தோடு மோட்சார்ட்டின் கை நின்றுவிட்டது. பாடினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் எப்போது கேட்டாலும் அந்த எட்டாவது பார் வரை விரல் விட்டு எண்ணுகிறேன். ஒன்பதாவது வரும்போது அறைக்குள் வேறொருவர் நுழைந்ததுபோலவே இருக்கிறது. யார் என்று தெரிந்து கேட்பதால் வரும் பிரமையாகவும் இருக்கலாம்.

அந்த வேறொருவர் யார்?

முதலில் கான்ஸ்டன்ஸ் போனது யோசஃப் ஐப்லரிடம். 26 வயது. 1790ல் மோட்சார்ட்டே அவருக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைசி நோயில் படுக்கையில் தூக்கிவிட்டு, படுக்க வைத்துப் பணிவிடை செய்தவர்களிலும் அவர் ஒருவர். டிசம்பர் 21ஆம் தேதி அவர் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரும் தவக்காலத்தின் நடுவுக்குள் முடித்துத் தருகிறேன், யாரும் படியெடுக்க விடமாட்டேன், அம்மையாரைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்பது சாரம். இறந்து பதினாறாம் நாள் இப்படி ஒரு ரசீது. துக்கத்தோடு துக்கமாக, காரியத்தில் எவ்வளவு கண்ணாக இருந்தாள் பாருங்கள். இவளைப் 'பொறுப்பில்லாத மனைவி' என்று நூறாண்டு எழுதியவர்கள் இந்த ரசீதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஐப்லர் நேர்மையான தொழிலாளி. மோட்சார்ட்டின் தாள்களிலேயே, வெறுமையாக இருந்த ஐங்கோடுகளில், வாத்தியங்களுக்கான ஸ்வரங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். தீர்ப்பு நாள் பாடல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. லாக்ரிமோசாவுக்கு வந்தார். எட்டாவது பாருக்குப் பிறகு மேல்குரலுக்கு மட்டும் இரண்டு பார் எழுதினார்.

பேனாவை வைத்துவிட்டார். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காரணம் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதவும் வேண்டாம், அந்த இரண்டு பாரைப் பார்த்தாலே புரிகிறது. வாத்தியத்தை நிரப்புவது வேறு, உச்சியில் நிற்கும் ஒரு குரலை அங்கிருந்து எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தீர்மானிப்பது வேறு. ஆனாலும் இந்தப் பூசை அவரை விடவில்லை. 42 வருஷம் கழித்து, 1833ல், இதே ரெக்வியத்தை மேடையில் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் பக்கவாதத்தில் சாய்ந்தார்.

தாள்கள் வேறு சிலர் கைக்கும் போய்வந்து கடைசியில் வந்து சேர்ந்தது ஃப்ரான்ஸ் சேவர் சூஸ்மயரிடம். நாம் ஆறாவது அத்தியாயத்தில் பாடன் நீரூற்று ஊரில் பார்த்த அதே பையன். 25 வயது. கான்ஸ்டன்ஸ் உடம்பு தேற அங்கே போயிருந்தபோது கூடவே இருந்தவன். மோட்சார்ட் தன் கடிதங்களில் அவனைச் சீண்டாத நாள் குறைவு. கைக்குழந்தைக்கும் ஃப்ரான்ஸ் சேவர் என்று பெயர் வைத்ததை முடிச்சுப் போட்டு வம்பு பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. வம்புக்கு ஆதாரம் பெயர் ஒன்றுதான் என்பதால் நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சூஸ்மயரிடம் முதலிலேயே ஏன் போகவில்லை? பல வருஷம் கழித்துக் கான்ஸ்டன்ஸே ஒரு கடிதத்தில் இதைத் தொட்டிருக்கிறாள். அப்போது அவன்மேல் ஏதோ கோபமாக இருந்தேன், எதற்கு என்று இப்போது நினைவில்லை என்கிறாள். சங்கீத வரலாற்றின் பெரிய முடிவுகளில் ஒன்று, மறந்துபோன ஒரு கோபத்தால் தள்ளிப்போயிருக்கிறது.

சூஸ்மயரிடம் ஐப்லரிடம் இல்லாத இரண்டு இருந்தன. ஒன்று, மோட்சார்ட்டின் கடைசி மாதங்களில் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்த பழக்கம். அவள் சொன்னபடி, மேசையில் கிடந்த துண்டுத் தாள்களையும் அவனிடம்தான் கொடுத்தாள். அவற்றில் என்ன இருந்தது என்பது இந்தத் தொடரின் கடைசிப் புதிர்களில் ஒன்று. இரண்டாவது இன்னும் முக்கியம். அவன் கையெழுத்து.

ஸ்வரத்தின் தலையைப் போடும் விதம், தண்டின் சாய்வு, சொற்களின் எழுத்து எல்லாமே அச்சு அசல் வாத்தியார் கை. சிஷ்யனுக்குக் குருவின் குரல் ஒட்டிக்கொள்வதை நம் கச்சேரிகளில் கேட்டிருக்கிறோம். இங்கே ஒட்டிக்கொண்டது விரல். வேண்டுமென்றே பழகினானா, கூடவே படியெடுத்துப் படியெடுத்துத் தானாக வந்ததா என்பது கேள்வி. ஆர்டர் கொடுத்த ஆளுக்கு, 'மோட்சார்ட் இறக்கும் முன்பே எழுதி முடித்துவிட்டார்' என்று நம்பும்படி ஒரு பிரதி போக வேண்டும். பாதியில் கை மாறினால் குட்டு உடைந்துவிடும். சூஸ்மயர் கையில் அந்தக் கவலை இல்லை.

அவன் செய்தது இது. மோட்சார்ட் கையால் எழுதிய இன்ட்ரோயிட், கீரியே தாள்களை அப்படியே முதலில் வைத்தான். ஐப்லர் நிரப்பிய தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பாடல்களைப் புதுத் தாளில் தானே எழுதி, வாத்தியங்களைத் தன் போக்கில் சேர்த்தான். லாக்ரிமோசாவை ஒன்பதாவது பாரிலிருந்து நீட்டி முடித்தான். மோட்சார்ட் தாளில் இல்லாத சாங்துஸ், பெனடிக்டுஸ், அக்னுஸ் தேயி மூன்றையும் எழுதினான். கடைசிப் பகுதிக்கு, ஆரம்பத்தில் வந்த இசையையே வேறு சொற்களோடு திரும்பக் கொண்டுவந்து கட்டிவிட்டான். அவருடைய விருப்பமே அதுதான் என்பது கான்ஸ்டன்ஸின் வாக்குமூலம்.

எப்படி எழுதியிருக்கிறான்? என் அபிப்பிராயம், ஓசன்னாவில் அவன் சாயம் வெளுத்துவிடுகிறது. முதலில் டி மேஜரில் வந்த அதே ஓசன்னா, பெனடிக்டுஸுக்குப் பிறகு பி ஃப்ளாட்டில் திரும்பி வருகிறது. எடுத்த சுருதியை வழியில் விட்டுவிட்டு வேறு சுருதியில் பல்லவியை முடிப்பதுபோல. மோட்சார்ட் தூக்கத்தில்கூட இதைச் செய்யமாட்டார். ஆனால் அக்னுஸ் தேயியைக் கேளுங்கள். அதை எழுதிய ஆள், தன் பெயரில் எழுதிய வேறு எதிலும் அந்த உயரத்தைத் தொடவில்லை. அப்படியென்றால் அந்தத் துண்டுத் தாள்கள்...? இருக்கட்டும்.

ஓரமாக வைத்த தாள்கள் என்றேனே, அவை பின்னாளில் வியன்னா அரண்மனை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1958ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைத்திருந்தபோது, யாரோ ஒருவர் அதில் ஒரு பக்கத்தின் கீழ் மூலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபியூகை மறுபடி பாடு என்று மோட்சார்ட் எழுதிய குறிப்பு இருந்த மூலை. இன்றுவரை அகப்படவில்லை. அதற்குத் தனி அத்தியாயம் வரும். இப்போது ஷ்டுப்பாக் கோட்டைக்குப் போகலாம்.

வியன்னாவுக்குத் தெற்கே, செம்மரிங் மலை அடிவாரத்தில் இருக்கிறது ஷ்டுப்பாக். கோட்டைக்காரர் ஃப்ரான்ஸ் ஃபான் வால்செக் பிரபு. அவர் மனைவி அன்னா 1791 பிப்ரவரி 14ஆம் தேதி இறந்தாள். வயது 20. அவளுக்கு இரண்டு நினைவுச் சின்னம் வைக்க முடிவு செய்தார் பிரபு. ஒன்று கல்லில். யோஹான் மார்ட்டின் ஃபிஷர் என்ற சிற்பியைக் கொண்டு செய்த கல்லறைக்கு 3000 குல்டனுக்கு மேல் ஆனது. இன்னொன்று இசையில். பெயர் சொல்லாத அந்த ஆளை வியன்னாவுக்கு அனுப்பியது இவர்தான்.

பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. கோட்டையில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் கச்சேரி. பிரபுவே செல்லோவும் புல்லாங்குழலும் வாசிப்பார். நல்ல இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்துப் புது உருப்படிகள் வாங்குவார். வாங்கியதைத் தன் கையால் மறுபடி எழுதுவார். அந்தப் பிரதியைத்தான் வாத்தியக்காரர்களுக்கு வாசிக்கக் கொடுப்பார். வாசித்து முடித்ததும், இது யார் எழுதியது என்று கேட்பார். தாங்கள்தானே என்பார்கள் அவர்கள். பிரபு மறுக்கமாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார், சிரிப்பார். அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்து இந்தக் கச்சேரிகளில் வாசித்த அன்டோன் ஹெர்ட்ஸோக் இதையெல்லாம் 1839ல் எழுதிவைத்தார். அச்சேற 125 வருஷம் ஆயிற்று.

மண்டபத்தில் வாங்கிய பாட்டைச் சபையில் தன் பாட்டு என்று வாசித்த தருமி ஞாபகம் வரத்தான் செய்கிறது. தருமிக்கு வறுமை என்ற நியாயமாவது இருந்தது. பிரபுவுக்கு வேண்டியது பொற்கிழி இல்லை, அந்த ஒரு சிரிப்பு.

பிரதி ஷ்டுப்பாக் வந்தது. பிரபு உட்கார்ந்து முழுவதையும் தன் கையால் எழுதினார். மோட்சார்ட் கையை சூஸ்மயர் பிரதி செய்தான். சூஸ்மயர் கையை பிரபு பிரதி செய்தார். புதுப் பிரதியின் தலைப்பில் இத்தாலிய மொழியில் போட்டுக்கொண்டது: ரெக்வியம், வால்செக் பிரபு இயற்றியது.

பாடகர்களும் வாத்தியக்காரர்களும் திரட்ட நாளானது. 1793 டிசம்பர் 14, வீனர் நொய்ஷ்டாட்டில் சிஸ்டெர்சியன் துறவிகளின் கோவில். மனைவிக்காகத் 'தான் எழுதிய' திருப்பலி இசையை பிரபு தானே முன்நின்று நடத்தினார். அடுத்த பிப்ரவரி 14, அவள் நினைவு நாளில், மரியா ஷுட்ஸ் கோவிலில் இன்னொரு முறை.

பிரபுவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அல்லது தெரிந்தும் தெரியாததுபோல இருந்தார். அவர் கை வீசுவதற்குப் பதினோரு மாதம் முன்பே, 1793 ஜனவரி 2ஆம் தேதி, வியன்னாவில் யான் என்பவரின் உணவு விடுதி மண்டபத்தில் இதே ரெக்வியம் அரங்கேறிவிட்டது. ஏற்பாடு செய்தவர் ஃபான் ஸ்வீட்டன் பிரபு. வசூல் கான்ஸ்டன்ஸுக்கும் பிள்ளைகளுக்கும். பெயர் மோட்சார்ட் பெயர். விற்ற பொருளுக்கு அவள் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள்! ஐப்லரிடம் அவ்வளவு கறாராக ரசீது வாங்கியவள் இதைச் செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆறு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பொய்யும் ஒன்றையொன்று முட்டாமல் தனித்தனியே வாழ்ந்தன.

1800ல் முட்டிக்கொண்டன. லைப்ஸிக் நகரின் பிரைட்கோப் – ஹெர்ட்டெல் பதிப்பகம் ரெக்வியத்தை மோட்சார்ட் பெயரில் அச்சுக்குக் கொண்டுவந்தது. அந்த பிப்ரவரியிலேயே சூஸ்மயர், இன்னின்ன பகுதிகள் என்னுடையவை என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டான். வால்செக் பிரபுவுக்குத் தலைக்கேறியது. காசு கொடுத்து வாங்கியது என் சொத்து, அதை அச்சடிக்க நீங்கள் யார்? வியன்னாவில் இருந்த தன் வக்கீல் யோஹான் சோர்ட்ஷானிடம் விஷயத்தை ஒப்படைத்தார். கொடுத்த பணம் திரும்பி வர வேண்டும்.

வழக்கு என்று போனால் பிரபு எந்த முகத்தோடு நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். என் ரெக்வியத்தைத் திருடிவிட்டார்கள் என்று சொல்ல, அது தன் ரெக்வியம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வக்கீல் வீட்டில் பேச்சுவார்த்தை. கான்ஸ்டன்ஸ் சார்பில் டேனிஷ் தூதரகத்தைச் சேர்ந்த நிஸ்ஸென். பின்னால் அவளை மணந்துகொள்ளப் போகிறவர். கூடவே பாதிரியார் மாக்ஸிமிலியன் ஷ்டாட்லர். மோட்சார்ட் விட்டுப்போன தாள்களையெல்லாம் வகைபிரித்து அடுக்கிக் கொடுத்தவர் அவர். அந்தக் கையை அவரளவு பார்த்துப் பழகிய கண்கள் வியன்னாவில் அதிகம் இல்லை. எது மோட்சார்ட் எழுதியது, எது சூஸ்மயர் எழுதியது என்று பிரித்துக் குறிப்பதற்காக, ஷ்டுப்பாக்கிலிருந்து வந்த அசல் பிரதி வக்கீலின் மேசைக்கு வந்தது. பிரபு தன் கையால் எழுதியது இல்லை. 1792ல் அவருக்குப் போய்ச் சேர்ந்த பிரதி.

முதல் பக்கம். இன்ட்ரோயிட். ஸ்வரங்கள் ஐயத்துக்கிடமின்றி மோட்சார்ட் கை. மேலே அவர் கையெழுத்து, இத்தாலிய மொழியில், 'என்னால் இயற்றப்பட்டது' என்ற பொருளில், வழக்கமான சுழிப்போடு. பக்கத்தில் ஆண்டு. அந்தக் காலத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் முதல் எண்ணை விட்டுவிட்டு எழுதுவது உண்டு. மோட்சார்ட்டும் அப்படித்தான் எழுதுவார். 1791 டிசம்பரில் இறந்துபோனவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், அதே மையில், இருந்த எண்கள் மூன்று.

792.

(தொடரும்)